நாலாம் நம்பரின் இடது கண்

கழுவினேன் என்று சொன்னால் இன்னும் ஆறு முயல் வந்து இறங்கும், கழுவவில்லை என்று ஒப்பு போட்டால் குப்பி கடைக்குப் போகும்... நடுவில் வேறு வழி ஒன்று இருக்கத்தானே வேண்டும், இல்லையென்றால் ஒருத்தி எப்படி மூச்சு விடுவது? ஹாஜரா மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சோதனை நோட்டு விரிந்து கிடந்தது, பேனாவின் மூடியைக்கூட வைத்தீஸ்வரன் சார் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ‘ஊணு முடிச்சுண்டு வரேன், அதுக்குள்ள கீழே உன் பேரை எழுதி வெச்சுடு, கேட்டியா, நாளைக்குக் காலம்பற எர்ணாகுளத்துக்கு லோடு போகணும்.’ கடைசி வரியை அவள் மூன்று முறை படித்துவிட்டாள், சோதனை நடந்த ஏழு நாளும் கண்கள் கழுவப்படவில்லை, முயல்களைப் பார்த்துக்கொண்டவரின் ஒப்பு, அதாவது கையெழுத்து... மலையாளத்தில்தான் இருந்தது, அவளுக்குத் தமிழைவிட அதுதான் சரளமாக வரும், புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அவர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, திரும்பி வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை அவளைவிட யாருக்குத் தெரியும், ஏழு நாளும் அதில்தானே எல்லாம் நடந்தது.

சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கு இது, மட்டாஞ்சேரியில் பாதி வீடுகளுக்கு அந்த வாடை உண்டு, இப்போது முன்பக்கம் குழந்தைகளுக்கு ஷாம்பு காய்ச்சுகிறார்கள், பின்பக்கம் ஆறு மரப்பெட்டி, ஆறு வெள்ளை முயல். பெட்டியிலிருந்து தலை மட்டும் வெளியே நிற்கும், கழுத்தைச் சுற்றிப் பலகை, முன்கால் முகத்துக்கு எட்டாது. பன்னிரண்டரைக்கு இடது கண்ணில் ஷாம்பு ஒரு சொட்டு, வலது கண் சும்மா, இரண்டையும் வைத்துப் பார்க்க. மறுநாள் காலை சிவந்ததா, நீர் வடிந்ததா என்று சார் எழுதுவார். தீனி போடுவதும் சொட்டு விடும்போது வெளியே எடுத்துச் சாக்கில் சுற்றி மடியில் பிடிப்பதும் அவள் வேலை. ‘இறைச்சிக்கடைக்காரன் பெண்டாட்டியோல்லியோ, கை நடுங்கறதா பாரு’ என்று சார் எல்லோரிடமும் சொல்வார், அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்?

முதல் நாள் நாலாம் நம்பர் தலையை உதறியது. சொட்டில் பாதி அதன் கண்ணில், பாதி அவள் கண்ணில். அம்மா... மிளகாய்க் கையால் தேய்த்ததுபோல, இல்லை, அதைவிட உள்ளே, கண்ணுக்குப் பின்னால் யாரோ விறகை ஊதியதுபோல. குழாயடிக்கு ஓடினாள், பத்துத் தடவையாவது தண்ணீர் அடித்திருப்பாள், அப்போதும் போகவில்லை. முந்தானையால் ஒற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது ஆறு தலை அப்படியே நின்றன. ஓடவில்லை. எங்கே ஓடும்? ஆடு என்றால் கத்தும், இவை அதுவும் இல்லை, நாலாம் நம்பர் மட்டும் கண்ணை மூடி மூடித் திறந்தது. சார் ஊணுக்குப் போயிருந்தார். காய்ச்சி ஆறிய தண்ணீர் கூஜாவில் இருந்தது, அலுமினிய டம்ளர் இருந்தது, கை தானாக எடுத்தது. முதலில் நாலுக்கு மட்டும், பிறகு ஒன்றுக்குச் செய்து மற்றதை விடுவதா என்று ஆறுக்கும், பிறகு தினமும்.

அன்றைக்கு வீட்டில் சாயா ஆற்றிக் கொடுக்கும்போது புருஷன் சிகாபுதீனிடம் சொல்லிவிட்டாள், அவர் வாய்விட்டுச் சிரித்தார். ‘ஏ புள்ள, நான் அறுக்கற ஆட்டைக் கொழம்பு வெச்சுத் தின்னுட்டு, முயலுக்கு அழுறியாக்கும்? நல்ல கசாப்புக்காரன் பொஞ்சாதி!’ அவளும் சிரித்தாள், உண்மைதானே. ஆனால் அந்த மனிதர் ஒரு நாளும் தண்ணீர் காட்டாமல் கத்தியைத் தொட்டதில்லை. ஆட்டின் முன்னால் கத்தி தீட்டமாட்டார், ஒன்றை இன்னொன்றின் கண்ணில் படும்படி அறுக்கமாட்டார், குடிக்காமல் நின்றால் குடிக்கும்வரை காத்திருப்பார், கடை முன்னால் நாலு பேர் சத்தம் போட்டாலும். அதனால் ஆடு பிழைத்தா விடுகிறது... இல்லை. ஆனால் ஒரு மூச்சில் முடிகிறது, எதற்கு என்று அவருக்குத் தெரிகிறது, தின்கிறவர்களுக்கும் தெரிகிறது. முயல் ஏழு நாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது எதற்கு, தலையில் நுரை வாசமாக வருவதற்கா? நேற்றுவரை குழந்தைகள் தலையைச் செம்பருத்தி இலை அரைத்த தாளி தேய்த்துத்தானே கழுவினார்கள். ஆனால் மருந்து? மகள் ஜுமைலாவுக்கு டைபாய்டு வந்தபோது ஏறிய ஊசி மருந்தும் முதலில் இப்படி ஒன்றின் மேல்தான் ஏறியிருக்கும் என்று லேபிள் ஒட்டுகிற கமலாக்ஷி சேச்சி சொன்னாள், அப்போ நீ வேண்டாம்னு சொல்லியிருப்பியோ? சொல்லியிருக்கமாட்டாள். டாக்டர் காலைப் பிடித்துக் கேட்டு வாங்கியிருப்பாள். மருந்து மருந்து, ஷாம்பு ஷாம்பு, அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை.

கழுவினால் முயலுக்கு எரிச்சல் குறையும், அவ்வளவுதான் நினைத்தாள். நோட்டு சாரின் பாடு. ஏழு நாளும் அவர் ‘சிவப்பு இல்லை’ என்று எழுதி, உன் கைராசி என்று சொன்னபோதுகூட மரமண்டைக்கு ஏறவில்லையே. இன்று காலைதான் லேபிளைப் பார்த்தாள். நுரைத் தலையோடு சிரிக்கும் குழந்தை, கீழே பெரிய எழுத்தில், கண் எரியாது. ‘ஒரு குப்பி உன் ஜுமைலாவோட குஞ்ஞுக்கு இருக்கட்டும், நாளை நாப்பதாம் நாள் குளியல்லே?’ என்று சேச்சி பைக்குள் செருகிவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பேரக்குழந்தை தலையில் இதை ஊற்றுவாளா? மாட்டாள். இன்றே கீழே கொட்டிவிடுவாள். அப்படியென்றால் லோடில் போகிற மற்றதெல்லாம் யார் தலைக்கு? முயலின் கண்ணில் அவள் விட்ட தண்ணீர் எங்கே போய் நின்றிருக்கிறது...

செருப்புச் சத்தம். சார் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார், நோட்டைப் பார்த்தார். ‘என்ன, மை உறைஞ்சு போச்சா?’

‘கழுவினேன் சாரே.’

‘எதை?’

‘கண்ணை. ஆறுக்கும். ஏழு நாளும்.’

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார், வாசலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். ‘ஈஸ்வரா... யார்ட்டயாவது சொன்னியோ?’

‘வீட்டில மட்டும். சிரிச்சாரு.’

‘அவன் சிரிக்கட்டும். இனிமே மூச்சு விடப்படாது. சோப்புன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும், அதுக்கு யாரும் செத்துப் போகலை. ஒப்பு போடு.’

‘குப்பியில எரியாதுன்னு போட்டிருக்கு சாரே.’

‘அப்போ திங்களாழ்ச்சை புதுசா ஆறு வரும். நீதான் பிடிக்கணும், எனக்குப் பூனையைத் தொட்டாலே கை விறைக்கும்.’

இதுதான், இதுதானே காலையிலிருந்து தேடியது... சொல்ல வந்தது நாக்கு நுனியில் இருந்தது. ‘ஆறு எதுக்கு சாரே? முதல் நாளே என் கண்ணுல பட்டுச்சு. எரிஞ்சுது. அதை எழுதிக்கோங்க.’

அவர் அவளுடைய கண்ணை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். ‘மனுஷா கண்ணு நோட்டிலே வராது, ஹாஜரா. முயல் கண்ணுதான் வரும்.’

அப்படியா... நாலாம் நம்பர் பலகைக்கு மேலே தலையைத் திருப்பியது. டம்ளர் வைக்கிற மூலையைப் பார்க்கிறது, இந்த நேரத்துக்குத் தண்ணீர் வரும் என்று ஏழு நாளில் பழகியிருக்கிறது. திங்களாழ்ச்சை வருகிற ஆறுக்கும் யாரோ மடி கொடுப்பார்கள், அந்தக் கைக்குத் தண்ணீர் காட்டத் தெரியுமோ தெரியாதோ, அவள் போய்விட்டால் பெட்டி காலியாகிவிடுமா என்ன? ஆகாது. அது தெரிந்தும் உள்ளே எதுவும் ஆடவில்லை, அதுதான் ஆச்சரியமாக இருந்தது. பேனாவை எடுத்து மூடியை மாட்டினாள், நோட்டின் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

‘ஒப்பும் இல்ல சாரே, இனி பிடிக்கவும் இல்ல’ என்றாள், டம்ளரை எடுத்துக்கொண்டு கூஜாவிடம் போனாள்.