சத்திரத்துக் கரி

எண்பத்து மூன்றாம் ஆண்டு. கடைவீதிச் சத்திரத்தை இடிக்காமல் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் வசந்தாமணிக்குத் தலைகால் புரியவில்லை. சத்திரத்து அடுப்படியில்தான் அவள் சாப்பாட்டுக்கடை போட்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்க அதைத் தரைமட்டமாக்குவார்கள் என்ற பேச்சில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தவள்.

பழைய கடைவீதிக்கு உயிர் கொடுக்க வந்திருந்த குழுவின் அதிகாரி சுவாமிநாதன் சொன்னார்: "இது ஊரோட சொத்தும்மா. வெளியூர்க்காரங்க தேடி வந்து பார்ப்பாங்க, வியாபாரமும் பெருகும். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வர்றாங்க. அவங்க சரின்னுட்டா இடிக்க மாட்டாங்க."

விருந்தாளி வருகிறார்கள் என்றால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? வெள்ளையடிப்போம். அவளும் அதைத்தான் செய்தாள். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் ராசப்பனைக் கூட்டி வந்து, தலைமுறை தலைமுறையாகச் சுவரில் அப்பியிருந்த அடுப்புக்கரியைச் சுரண்டி, பளிச்சென்று சுண்ணாம்பு அடித்தாள். ராசப்பன் தன் பங்குக்கு ஒரு தாமரையும் வரைந்துவிட்டான்.

வியாழக்கிழமை வந்த சுவாமிநாதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கரிதாம்மா பழமையே! போச்சு, எல்லாம் போச்சு!"

"என்னுங்க சார் இது, விருந்தாளிக்கு அழுக்குப் புடிச்ச ஊட்டையா காட்டறது?" வசந்தாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுபடியும் ராசப்பனே வந்தான். கறுப்பிலும் பழுப்பிலும் பெயிண்டைக் குழைத்து, தாமரை மேலேயே கரியை வரைந்தான். "லாரியில கரி படிஞ்சா தொடைக்கச் சொல்லுவாங்க. இங்க கரியையே எழுதச் சொல்றாங்க. என்ன நாயமோ போங்க!" என்று அவனும் குழம்பிப்போனான். ஆனால் சுவர் முன்பைவிடக் கிழடு தட்டித் தெரிந்தது.

வந்தவர்கள் சொக்கிப்போனார்கள். அந்தச் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, சத்திரம் இருக்கட்டும் என்று உத்தரவும் போட்டார்கள்.

அவர்கள் போனதும் சுவாமிநாதன் மெதுவாக ஆரம்பித்தார். "இனி இங்க அடுப்பு எரியக்கூடாதும்மா. புகை பட்டா வரைஞ்ச கரி கெட்டுப்போகும். நீங்க சம்பளத்துக்கு இங்கேயே இருங்க. வெறும் பானையும் கரண்டியுமா உக்காந்தா போதும், பார்க்கறவங்களுக்குச் சமைக்கிற மாதிரி தெரியணும், அவ்வளவுதான்."

இது நல்லதா கெட்டதா? யாரிடம் கேட்பது? இடிக்க வந்தவர்களாக இருந்தால் வாய்விட்டுத் திட்டியிருப்பாள். காப்பாற்றியவரை எப்படித் திட்டுவது? சரிங்க என்று தலையாட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை மதியம், வாடிக்கையாகச் சாப்பிட வரும் லாரி டிரைவர் சின்னண்ணன் நாமகிரிப்பேட்டையில் லோடு இறக்கிவிட்டு வந்தான். கை கழுவி, இலையைத் தானே விரித்து, தண்ணீர் தெளித்து உட்கார்ந்தான். "பசி தாங்கலீங்க்கா. போடுங்க."

வசந்தாமணியின் கை பழக்கத்தில் கரண்டியைப் பானைக்குள் விட்டது. அடியில் இடித்து வெறும் சத்தம்தான் வந்தது.

அவன் இலையிலிருந்து தலை தூக்கினான். "ஏனுங்க்கா, சத்திரத்துல சோறு இல்லீங்களா?"

"சத்திரத்தைக் காப்பாத்திட்டாங்க சாமி" என்றாள் வசந்தாமணி. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.