இரவில் காலியாக இருக்கும் அறை

சைரன் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது அடுக்குமாடிப் பிள்ளைகள்தான். தண்ணீர் வராவிட்டாலும், லிஃப்ட் பாதியில் நின்றாலும், ஐந்தாவது மாடியில் அவள் குரல் கிளம்பினால் கீழே மோட்டார் போடுகிறவன் தானாக எழுந்து நிற்பான். அப்படிப்பட்டவள் அன்று மாலை தன் வீட்டுக்குள்ளேயே வாயடைத்துப் போய் நின்றாள்.

வாயடைக்க வைத்த ஆள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுவசதி அலுவலக மேலாளர். மனுஷனுக்கு எப்போதும் சிரித்த முகம். வாடகையை ஏற்றினாலும் சிரிப்பு, லிஃப்ட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது என்று சொன்னாலும் அதே சிரிப்பு.

"எங்க ஆளுங்க ராத்திரி சோதனைக்கு வந்தாங்க இல்லையாம்மா? உங்க சின்ன ரூம் காலியா இருந்திருக்கு. கட்டில்ல யாரும் இல்ல."

"அது என் வீட்டுக்காரர் கட்டில் சார். குளிர்பதனக் கிடங்குல நைட் வாட்ச்மேன். ராத்திரி அங்க நிப்பாரு, பகல்ல இங்க படுப்பாரு."

"புரியுதும்மா. ஆனா விதிமுறைப்படி படுக்கையறைன்னா ராத்திரி தூங்கற இடம். ராத்திரி ஆள் இல்லைன்னா காலி அறை. பகல்ல படுக்கறது தூக்கத்துல வராது, ஓய்வுல வரும்."

உள்ளே சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "அப்போ நான் இத்தனை வருஷமா தூங்கவே இல்லையா சார்?"

மேலாளர் அதற்கும் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். போரில் வீடு வாசலை இழந்து ஓடி வந்தவர்களால் முகாம் நிரம்பி வழிகிறதாம். காலி அறை வைத்திருக்கும் வாடகைதாரர்கள் கைகொடுக்க வேண்டுமாம். இந்த வீட்டுக்கு ஒரு பெண்ணை ஒதுக்கியிருக்கிறார்களாம். 'அறையை விருப்பத்துடன் ஒப்படைக்கிறேன்' என்று ஒரு கையெழுத்து போட்டால் போதுமாம். விருப்பம் இல்லை என்றால் அதுவும் பாதகமில்லை, ஊர்க்கோடியில் ஒற்றை அறை வீடு ஒன்று இவர்களுக்காகத் தயாராக இருக்கிறதாம்.

ஊர்க்கோடியிலிருந்து மகள் நர்சிங் கல்லூரிக்கு எப்படிப் போவாள்? ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் விடிந்ததும் நிற்க வேண்டிய சைரன் அக்கா எப்படிப் போவாள்? சரி, அறையைக் கொடுத்துவிட்டால் அவர் எங்கே படுப்பார்? ஏற்கெனவே ஒருமுறை வேலையில் கண்ணயர்ந்து எச்சரிக்கை வாங்கியவர். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும். தடித்த திரை போட்ட அந்தச் சின்ன அறைதான் அந்த வீட்டின் சோறு. அது இந்த மனுஷனுக்குக் காலி அறையாம்!

மேலாளர் படியிறங்கிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. வந்த பேச்சில் மாடிப்படி முழுக்க ஆள் கூடிவிட்டது. நான்காவது மாடி எலக்ட்ரீஷியன் முதலில் ஓடி வந்தான். அவன் அண்ணன் குடும்பமும் அவன் வீட்டில்தான் முட்டி மோதிக்கொண்டு கிடக்கிறது.

"என் அண்ணன் எத்தனை வருஷமா வீடு கேட்டு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்கான். நேத்து வந்தவங்களுக்கு இன்னைக்கு ரூமா? உள்ள விட்டுடாதீங்கக்கா. ஒரு தடவை விட்டா அவ்வளவுதான்."

"விடுவேனா? வரட்டும் அவ. நான் பேசற பேச்சுல வந்த வழியே ஓடணும்."

மேலாளரைத் திட்ட வேண்டிய வாய்தான் அது. ஆனால் மேலாளரைத் திட்டினால் வீடு போகும், வரப்போகிறவளைத் திட்டினால் ஒன்றும் போகாது. கோபமும் தண்ணீரைப் போலத்தான், பள்ளம் பார்த்துத்தான் ஓடுகிறது. அது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஷிப்ட் மாறி அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மகள் கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள். கிடங்கிலிருந்து வந்த கணவர் ஒரு காலில் ஷூவைக் கழற்றிவிட்டு மறுகாலுக்குக் குனிந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு பெண். தோளில் பை, கையில் ரப்பர் பூட்ஸ், மேலெல்லாம் பினாயில் வாடை.

சைரன் அக்கா ஆரம்பித்தாள். "ஊர்ல உனக்கு வேற வீடே கிடைக்கலையா? நாங்க என்ன மாளிகையா கட்டி வெச்சிருக்கோம்? அடுத்தவ புருஷன் படுக்கற கட்டிலைப் புடுங்கிக்கிட்டு உனக்குத் தூக்கம் வருமா?" குரல் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பெண் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சைரன் அக்கா மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தாள். சொல் தேடித் தேடி, வேற்று ஊர் வாடையோடு வந்தது பேச்சு.

"அக்கா, உக்காந்துகிட்டே திட்டு வாங்கலாமா? ராத்திரி முழுக்க ரயில் பெட்டி கழுவிட்டு நேரா வர்றேன். நின்னுகிட்டே தூங்கிடுவேன் போல இருக்கு."

"ராத்திரியா? உனக்கும் ராத்திரி வேலையா?"

"ஆமாக்கா. ஆபீஸ்ல சொன்னேன். முகாம்ல பகல்ல ஒரே சத்தம், தூங்க முடியல, பகல்ல படுக்கத்தான் இடம் வேணும்னு. அந்த சார் சிரிச்சாரு. ராத்திரி காலியா இருக்கற ரூம்தான் கைவசம் இருக்கு, அங்க போய்த் தூங்குங்கன்னாரு."

ஒற்றை ஷூவோடு நின்ற கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடேங்கப்பா! ராத்திரி அந்தக் கட்டில் அப்பவும் காலி, இப்பவும் காலி. பகல்ல மட்டும் ரெண்டு பேரு!"

சைரன் அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததும் அது பாதியிலேயே நின்றுவிட்டது. அதே சிவந்த கண், அதே வீங்கிய இமை. இவளைப் போய் அந்தக் கத்துக் கத்தினோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்த வேகத்திலேயே கோபமும் திரும்பி வந்தது. இந்த முறை அதற்கு விலாசம் சரியாகத் தெரிந்திருந்தது.

"இப்ப ரெண்டு பேரும் படுக்கக் கூடாது. கிளம்புங்க ஆபீசுக்கு."

படியில் எலக்ட்ரீஷியன் எதிர்ப்பட்டான். "துரத்தியாச்சாக்கா?"

"கூட வா தம்பி, சொல்றேன்."

அலுவலகத்தில் கூட்டம். கணவரையும் அந்தப் பெண்ணையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மேலாளர் மேசை முன்னால் போய் நின்றாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அந்தம்மா வேலையைப் பகலுக்கு மாத்திக்கட்டும். இல்ல, ரூம் வேணாம்னு எழுதிக் குடுக்கட்டும், வரிசையில கடைசிக்குப் போயிடுவாங்க. ரெண்டும் இல்லைன்னா நீங்க ஊர்க்கோடிக்கு மாறணும். விதிமுறைம்மா, நான் என்ன செய்ய?"

அந்தப் பெண் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "நான் எழுதித் தர்றேன் சார். என்னால இவங்க வீடு போக வேண்டாம்." மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் சைரன் அக்காவின் மனசு 'அப்பாடா' என்றது. "விடுங்கக்கா, தானா போகுது," என்று எலக்ட்ரீஷியன் காதைக் கடித்தான். மேலாளர் காகிதத்தை அந்தப் பெண் பக்கம் நகர்த்திக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி, இவங்கள்லாம் வந்து குவியறதாலதான் உங்க அண்ணனுக்கு வீடு குடுக்க முடியல."

எலக்ட்ரீஷியன் முகம் மாறியது. "சார், இவங்க வந்தது இந்த வருஷம். என் அண்ணன் எழுதிப் போட்டப்ப அவன் பொண்ணு கைக்குழந்தை. இப்ப என் தோளுக்கு வந்துட்டா. எங்க மேல் மாடியில ரெண்டு வீட்டை ஒழுகுதுன்னு பூட்டி வெச்சிருக்கீங்களே, அது ராத்திரியில காலியா, பகல்ல காலியா?"

"அது பழுதுபார்ப்புப் பிரிவு. அவங்களைக் கேளுங்க." சிரிப்பு முதல்முறையாகக் கொஞ்சம் சுருங்கியது.

சைரன் அக்கா அந்தப் பெண்ணின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். "நீ ஒண்ணும் எழுத வேணாம். சார், ரூமைத் தரமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன். இவ பகல்ல என் பொண்ணு கட்டில்ல படுப்பா."

"கையெழுத்து இல்லாம வெளியாள் தங்கினா விதிமீறல்மா. வீட்டையே காலி பண்ண வேண்டி வரும்."

"தங்கறதுன்னா என்ன சார்?"

"வீட்ல தூங்கறது."

"பகல்ல படுக்கறது தூக்கம் இல்ல, ஓய்வுன்னு என் வீட்ல உக்காந்து சொன்னீங்களே. ஒரு பொண்ணு என் வீட்டுக்கு வந்து ஓய்வு எடுத்துட்டுப் போறா. அது எப்படி சார் விதிமீறல்?"

கூட்டம் மேசையைச் சுற்றி நெருங்கியது. மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் விடவில்லை. "பகல் தூக்கமும் தூக்கம்தான்னு சொன்னா என் வீட்டுக்காரர் ரூம் காலி ரூம் இல்ல. தூக்கம் இல்லைன்னு சொன்னா இவ என் வீட்ல தங்கறவ இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இத்தனை பேருக்கு முன்னாடி சொல்லுங்க."

மேலாளர் காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். "மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணும்," என்று கடைசியில் முனகினார்.

எலக்ட்ரீஷியன் கைதட்டினான். ஆனால் அவளுக்கு ஜெயித்த மகிழ்ச்சி துளியும் வரவில்லை. ஒருத்தர் ராத்திரி முழுக்க ஊரார் தின்கிற பொருளைக் காவல் காக்கிறார், இன்னொருத்தி ஊரார் ஏறும் ரயிலைக் கழுவுகிறாள். அவர்கள் கண்ணை மூடுவதற்கு இந்த மனுஷனோடு வக்கீல் மாதிரி வாதாட வேண்டியிருக்கிறது. நினைக்க நினைக்க ஆறவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கணவர் பெஞ்சின் ஒரு கோடியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் போய் மறு கோடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே பையை மார்போடு அணைத்தபடி தூங்கிப்போனாள்.

"யாரப்பா அங்க, எழுப்பு அவங்களை," என்று மேலாளர் வாசல் காவலாளியைக் கூப்பிட்டார். "இது ஆபீசா, சத்திரமா?"

காவலாளி தயங்கித் தயங்கி வந்தார். சைரன் அக்கா இருவருக்கும் நடுவில் பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.

"தூங்கலண்ணே, ஓய்வு எடுக்கறாங்க. மேலிடம் பதில் சொல்ற வரைக்கும் எடுக்கட்டும்."