மடங்காத சைக்கிள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையாவது மடக்காவிட்டால் கை சும்மா இருப்பதில்லை. குடையை மடக்கினார்கள், சரி. நாற்காலியை மடக்கினார்கள், கட்டிலை மடக்கினார்கள். மாமனார் வீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தால் மட்டும் எழுந்திருக்கத் தெரியவில்லை. காஸ்பர் இதை எல்லோரிடமும் சொல்வார். மாப்பிள்ளை வால்டர் பக்கத்தில் இருந்தால் இன்னும் உரக்கச் சொல்வார்.

சாந்தோம் குப்பத்தில் கட்டுமரம் தள்ளியே அறுபதைத் தாண்டியவர் காஸ்பர். அவருக்கு இருந்தது ஒரே அறை. உலகச் சண்டை முடிந்து பட்டாள ஸ்டோரில் வால்டரின் வேலை போனதிலிருந்து, அந்த அறை அவனுக்கும் மகள் ஜெசிந்தாவுக்கும் ஆகிவிட்டது. காஸ்பர் வெளித் தாழ்வாரத்தில் வலைக் குவியலோடு படுத்தார். வாடை பழகியதுதான், முதுகுதான் பழக மறுத்தது.

அந்த வால்டர் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஒரு பச்சை சைக்கிளை எடுத்து வந்தான். வானத்திலிருந்து குதிக்கிற சிப்பாய்களுக்காகச் செய்ததாம். நடுவில் இரண்டு கீல். காது வைத்த திருகு இரண்டைத் தளர்த்தினால் முன்சக்கரம் வந்து பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம், ரயில் ஏறலாம். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் அவன் அதை மடக்கிக் காட்டியபோது மாடவீதியே கூடி நின்றதாம். வேலையற்றவனைப் பார்க்க வேலையற்றவர்கள் வந்தார்கள் என்றார் காஸ்பர்.

ஆனால் அதே சைக்கிளால்தான் வேலை வந்தது. தியாகராய நகரில் ஒரு டானிக் முதலாளி, ஊர் ஊராக ரயிலில் போய் விற்க ஆள் தேடினார். ரயிலில் கூடவே வந்து, இறங்கிய ஊரில் ஓடுகிற வண்டி என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. புதன்கிழமை பத்து மணிக்குச் சைக்கிளோடு வரச் சொன்னார். வேலையோடு கம்பெனிக் கொல்லையில் வீடும் உண்டு.

காஸ்பர் காதில் வீடு என்ற சொல் மட்டும் தங்கியது. அறை திரும்பி வரும். மாதாவுக்கு மெழுகுவத்திகூட ஏற்றினார். பிறகுதான் அந்தத் திருகுகள் நினைவுக்கு வந்தன. தேனாம்பேட்டை ரோட்டில் லாரிக்கு முன்னால் வண்டி மடங்கிவிட்டால்? மாப்பிள்ளை மேலே போய்விடுவான், அறையில் மகள் நிரந்தரமாகிவிடுவாள்.

புதன் காலை கரை திரும்பியதும், தினமும் செய்வது போலக் கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே காயப்போட்டார். ஈரக் கயிற்றில் ஒரு பாகத்தை அறுத்து வந்து, சைக்கிள் கீல்களில் ஏழு சுற்றுச் சுற்றி, எந்த அலைக்கும் விடாத முடிச்சாகப் போட்டார். சட்டத்தில் மாட்டியிருந்த துணிப்பை அதை மறைத்ததால் வால்டர் கவனிக்கவில்லை.

மத்தியானம் வால்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முதலாளி வாசலுக்கே வந்து மடக்கிக் காட்டச் சொன்னாராம். ஈரக் கயிறு வெயிலில் காய்ந்து இரும்பாகியிருந்தது. இவன் நகத்தால் பிறாண்டி, பல்லால் கடித்ததைப் பார்த்த முதலாளி, மீன் கயிறு கட்டி நிறுத்திய வண்டியை எந்த ரயிலிலும் ஏற்ற மாட்டார்கள் என்று சொல்லி, வேறொருவனை எடுத்துக்கொண்டார்.

"இன்னா மாமா வேலை இது?" என்றான் வால்டர். "தெருவே சிரிச்சிக்கினு நின்னுது."

"உயிரு கீதில்ல?"

"வேலை இல்ல."

ஜெசிந்தா வாசலுக்கு வந்தாள். "நைனா, உன் மரத்த நீ தினம் பிரிச்சிப் போடற. மறுநாள் அதையே கட்டிக்கினு கடலுக்குப் போற. இத்த மட்டும் நம்ப மாட்டியா?"

காஸ்பர் குனிந்தார். முடிச்சில் கட்டைவிரலை வைத்து அழுத்தி ஒரு நுனியை இழுத்தார். ஏழு சுற்றும் மளமளவென்று கழன்று மண்ணில் விழுந்தன. வால்டருக்கு முகம் கறுத்தது.

"கட்டு நான் போட்டது, என் கைக்கு அவுருது," என்றார் காஸ்பர். "திருகு போட்ட வெள்ளைக்காரன் எங்க கீறான் மாப்ளே? அவனே ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கினு கீறானாம்."

வால்டர் திருகுகளைத் தளர்த்தினான். சைக்கிள் சத்தமில்லாமல் மடங்கியது. மாமனார் பார்க்கட்டும் என்று அதைத் தூக்கிப் பிடித்தான். கயிற்றை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காஸ்பர் அதற்குள் கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நின்றால் மடங்குவது பெரிதில்லை, ஓடும்போது என்ன ஆகும் என்று யார் கண்டது என்று அவர் சொல்லிக்கொண்டே போவது காற்றில் கேட்டது.