தூசி இல்லாத மண்டலங்கள்

தாராவியில் பிறந்து வளர்ந்தவன் தூசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான் என்றால் தெரு சும்மா இருக்குமா? வெயிலுமுத்துவைக் கண்டாலே வம்புக்கு இழுப்பார்கள். "அதுக்கு எதுக்குலே டவுனு வரைக்கும் ரயில் ஏறிப் போற? எங்க வீட்டுப் பரண்ல ஏறு, வேணுங்கிற மட்டும் அள்ளிக்க" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஸ்டேஷனைப் பார்த்து ஓடுவான். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தத் தெருவில் வானத்தைப் பற்றிப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் தேடிய தூசி வேறு. வானத்தில் முட்டை வடிவில் சில பழைய விண்மீன் மண்டலங்கள் இருக்கின்றன. கோடானுகோடி நட்சத்திரங்கள், எல்லாம் வயதானவை. அங்கே தூசியும் கிடையாது, புதிதாக நட்சத்திரம் பிறப்பதும் கிடையாது என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். பிறகு அவற்றில் சிலவற்றின் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை ஓடுவதைக் கவனித்தார்கள். அந்தப் பட்டைதான் தூசி. தூசி இருந்தால் குளிர்ந்த வாயுவும் இருக்கும். வாயு இருந்தால் புது நட்சத்திரம் பிறக்க வழி இருக்கிறது. கிழம் என்று ஒதுக்கிய வீட்டில் தொட்டில் கட்ட இன்னும் இடம் உண்டு என்று அர்த்தம்.

இந்த மண்டலங்களில் சில தனியாக இருக்கும், சில கும்பலாக நெருங்கிக் கிடக்கும். கும்பலின் நடுவே கொதிக்கும் வாயு நிறைந்திருப்பதால், அதற்குள் அகப்பட்ட மண்டலத்தின் தூசியை அது உரித்துக்கொண்டு போய்விடும் என்பது பெரியவர்களின் ஊகம். அது மெய்யா என்று படங்களைப் பார்த்துச் சொல்வதுதான் வெயிலுமுத்துவின் ஆராய்ச்சி. வழிகாட்டி டாக்டர் சுப்ரமணியன், மாதுங்காக்காரர். பிரியமானவர்தான், ஆனால் வேலையில் கறார்.

தனி மண்டலங்களின் நெகட்டிவ்களை ஆராய்ச்சி நிலையத்து இருட்டறையிலேயே பெரிதாக்கிப் படம் போட்டான். பலவற்றில் பட்டை பளிச்சென்று தெரிந்தது. கும்பலின் முறை வந்தபோது மழையும் வந்தது. இருட்டறைக் கூரை ஒழுகி, படத்தைப் பெரிதாக்கும் எந்திரம் படுத்துவிட்டது. பழுது பார்க்க ஆள் வரும் என்றார்கள். ஜூலை மாதத்துப் பம்பாயில் தண்ணீரைத் தவிர வேறு எது சொன்னபடி வந்திருக்கிறது?

"நகல் நெகட்டிவ்களை எடுத்துண்டு போய் வெளியிலே போட்டுக்கோ. ஆனா பக்கத்திலேயே நின்னு போடணும்" என்றார் சுப்ரமணியன்.

வெயிலுமுத்துவின் தெருமுனையில் இனாயத்துல்லாவின் சலீமா ஸ்டூடியோ இருந்தது. கடையநல்லூர்க்காரர். நிக்காஹ் படம், காதுகுத்துப் படம், துபாய்க்குப் போகிற பையன்களின் பாஸ்போர்ட் படம் என்று ஓயாத வேலை. வெயிலுமுத்துவின் அப்பாவோடு பழகியவர். அப்பா இறந்த பிறகும் உறவு விட்டுப்போகவில்லை. அவன் மாமா என்பான், அவர் மருமகனே என்பார். காலையில் நெகட்டிவ் கட்டைக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவான். சாயங்காலம் படங்களை மட்டும் வாங்கிக்கொள்வான். பக்கத்தில் நிற்க நேரமும் இல்லை, அந்த இருட்டறையில் இரண்டாவது ஆள் நிற்க இடமும் இல்லை.

படங்கள் வந்தன. கும்பல் மண்டலங்கள் அத்தனையும் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டுப் போல இருந்தன. பட்டையே இல்லை. ஊகம் அப்படியே பலித்துவிட்டது! சுப்ரமணியன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். கட்டுரை இத்தாலியில் ஒரு கருத்தரங்குக்குத் தேர்வானது. விமானச் செலவையும் அவர்களே ஏற்றார்கள். டிசம்பரில் முடிய வேண்டிய அவனுடைய உதவித்தொகையை நீட்டிக்கும் பேச்சும் நிலையத்துக் கமிட்டியில் எழுந்தது. அது நீண்டால் டாக்டர் பட்டம். நீளாவிட்டால் அம்பர்நாத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் சோதனைக்கூட வேலை. அம்மா ஆறுமுகத்தாய் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டு, தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கவும் சலீமா ஸ்டூடியோவுக்குத்தான் போனான். மறுநாள் படத்தை வாங்கிப் பார்த்தவனுக்கு ஏதோ இடித்தது. சின்ன வயதில் குழாயடிச் சண்டையில் தகரக் குடம் பட்டு, இடது கன்னத்தில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. படத்தில் கன்னம் வழுவழுவென்று இருந்தது.

"மாமா, தழும்பு எங்க?"

"எடுத்துட்டேன்லா. பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"இது பாஸ்போர்ட்டுக்கு மாமா. அங்க அடையாளம்னு அந்தத் தழும்பத்தான் எழுதியிருக்கேன்."

இனாயத்துல்லா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "கை பழகிப்போச்சு மருமவனே. ஒரு கறையப் பாத்தா பென்சிலு தானாப் போவுது. ஒன் ஆகாயப் படத்துக்கே எம்புட்டு டச்சிங் பண்ணியிருக்கேன் தெரியுமா? நட்ட நடுவுல கீறல் விழுந்துல்லா கெடந்துச்சு. ஒண்ணுவிடாம ஏக்தம் சாஃபாத் தொடச்சுத் தந்தேன்."

வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வாயிலேயே நின்றது.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் கறுப்பாக விழும், இருட்டு வெளிறித் தெரியும். முகத்தில் சுருக்கமோ தழும்போ இருந்தால் நெகட்டிவில் அது வெளிறிய கோடு. ஸ்டூடியோக்காரர்கள் கூரான பென்சிலால் அந்தக் கோட்டை நிரப்பிவிடுவார்கள். படம் போடும்போது முகம் சுத்தமாகிவிடும். மண்டலத்தின் குறுக்கே ஓடும் தூசிப் பட்டையும் நெகட்டிவில் ஒரு வெளிறிய கோடுதான். கல்யாணப் பெண்ணின் முகத்துக்குச் செய்கிற உபகாரத்தை மனிதர் வானத்துக்கும் செய்துவிட்டார்.

அன்றிலிருந்து வெயிலுமுத்து நிலையத்தில் மூல நெகட்டிவ்களின் மேல் லென்ஸை வைத்துக்கொண்டு கிடந்தான். கும்பலில் இருந்த மண்டலங்கள் பலவற்றில் மெய்யாகவே தூசி இல்லை. ஆனால் சிலவற்றில் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஒன்றில் பட்டையின் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஒளி தெரிந்தது. புது நட்சத்திரங்கள் பிறக்கும் இடமாக இருக்கலாம். அந்த நெரிசலிலும் ஒன்று தன் தூசியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது! யாரும் எதிர்பாராத சேதி கையில் இருந்திருக்கிறது. அவனோ அறவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். தூசி கும்பலில் குறைவா, எவ்வளவு குறைவு என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு வருடம் ஆகும். அவனுக்கு இருந்தது டிசம்பர் வரைதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்குப் போனான். சுப்ரமணியனிடம் நடந்ததைச் சொன்னான். வந்த காப்பி ஆறி ஆடை கட்டியது. கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறதே.

"வாபஸ் வாங்கிடலாம். வேற வழியில்லை. ஆனா கமிட்டியிலே காரணம் கேப்பா" என்றார் கடைசியில். "நான் பக்கத்திலே நிக்கச் சொன்னேனே, நின்னியா?"

"நிக்கல சார்."

"அதை நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "ஸ்டூடியோக்காரன் தானா நெகட்டிவ்ல கை வெச்சுட்டான்னு சொன்னா அது விபத்து. பென்சில் பட்ட நெகட்டிவே சாட்சி. உனக்கு இன்னொரு வருஷம் கிடைக்கும். உன் அஜாக்கிரதைன்னு தெரிஞ்சா, கதை அதோட முடிஞ்சுது. அந்த நெகட்டிவெல்லாம் வாங்கிண்டு வா."

மாடிப்படி இறங்கும்போது போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது வெயிலுமுத்துவுக்கு. பொய் ஒன்றும் இல்லையே! பென்சிலைப் பிடித்தது யார்? நடக்க நடக்க ஆத்திரம் கூடியது. கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவன் பொருளில் கைவைக்கலாமா? தாராவி வருவதற்குள் இனாயத்துல்லாவை என்னவெல்லாம் கேட்பது என்று மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தான்.

ஸ்டூடியோவில் இனாயத்துல்லாவைத் தவிர ஆள் இல்லை. விஷயத்தைச் சொன்னான். சத்தமாகவே சொன்னான்.

"தூசியா? ஆகாயத்துலயா?" என்றார் அவர். பிறகு மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார். "அப்பம் நீ தேடுனதத்தான் நான் ஒக்காந்து ஒக்காந்து அழிச்சிருக்கேனா? யா அல்லா!"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வெயிலுமுத்துவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கேட்டேனே மருமவனே. மொதக் கட்டக் கொண்டாந்த அன்னைக்கே கேட்டேன், இந்தக் கீறலு ஆகாயத்துல உள்ளதா, பிலிமுல விழுந்ததான்னு. நீ ரயிலுக்கு ஓடிக்கிட்டு நின்ன. 'அதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது மாமா, நல்லாத் தெளிவா போட்டுத் தாங்க, போதும்'னு சொன்ன. நானும் தெளிவாப் போட்டுத் தந்தேன்."

கேட்டிருந்தார். மழைக்கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி நின்றதும், அந்த வார்த்தைகள் தன் வாயிலிருந்து வந்ததும் அவனுக்கு இப்போது நினைவு வந்தது. அன்று அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது.

இனாயத்துல்லா எழுந்து போய் நெகட்டிவ் கட்டை எடுத்து வந்தார். "என்னயச் சொல்லிரு. போட்டோக்காரன் புத்தியில்லாம செஞ்சுட்டான்னு எழுதிக் கொடு. அதுக்காவ என் கடைக்கு வராம எவன் இருக்கப் போறான்? நீ பொழச்சுக்கிட்டாப் போதும்."

நெகட்டிவ் கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அம்மா சோறு போட்டாள், இறங்கவில்லை. அவரே சொல்லச் சொல்லிவிட்டாரே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அவர் அப்படிச் சொல்லாமல் சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் சுப்ரமணியன் கமிட்டிக்கான விளக்கத்தைத் தானே எழுத உட்கார்ந்தார். நெகட்டிவ்கள் மேஜையில் இருந்தன. எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். "வெளியிலுள்ள ஸ்டூடியோக்காரர், யாரையும் கேட்காமல்..."

"கேட்டார் சார்" என்றான் வெயிலுமுத்து.

பேனா நின்றது. "என்ன?"

"இது என்னன்னு முதல் நாளே கேட்டார். ஒங்களுக்கு விளங்காதுன்னு சொல்லிட்டேன். பக்கத்துலயும் நிக்கல. அப்படியே எழுதுங்க சார்."

"அப்படி எழுதினா டிசம்பரோட சரி. என்னாலே ஒண்ணும் பண்ண முடியாது. யோசிச்சுத்தான் பேசறியா?"

ஜிலேபி கொடுத்த அம்மாவின் முகமும் அம்பர்நாத் போகும் கூட்ட ரயிலும் மனசில் வந்து போயின. அழுதுவிடக் கூடாதே என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அவர் கேட்டார் சார். நான்தான் சொல்லல."