மூன்றாம் கூப்பின் கட்டைக்களம்

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு என் கணவன் ஆர்விட் சோபாவில் குறட்டை விடத் தொடங்கிய பிறகு, நான் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, அவன் பென்சிலால் போட்டிருந்த பெருக்கல் குறியை ரப்பர் வைத்து அழித்தேன். அழித்த துகளை ஊதிவிட்டு, முந்நூறு அடி தள்ளிக் கிழக்கே, சரிவும் பாறையுமான ஓரிடத்தில் புதுக்குறி போட்டேன். இருபத்திரண்டு வருடமாக எங்கள் மரம் வெட்டும் தொழிலின் தாள் வேலை முழுவதும் என்னுடையது. ஒரு தாள் கூடத் தப்பென்று வனத்துறையிலிருந்து திரும்பி வந்ததில்லை.

அரசாங்கக் காட்டில் மரத்தை ஏலம் எடுத்துவிட்டால் மறுநாளே போய் வெட்டிவிட முடியாது. காட்டின் எந்தத் துண்டை, அதாவது எந்தக் கூப்பை, முதலில் வெட்டுவோம், எந்த வழியாக இழுத்து வருவோம், வெட்டிய கட்டைகளை அடுக்கி லாரியில் ஏற்றும் களம் எங்கே, தீப்பிடித்தால் எத்தனை மண்வெட்டி, எவ்வளவு தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒரு வேலைத்திட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் ரம்பம் உறும முடியும். கையெழுத்து விழுந்துவிட்டால் அது வேதவாக்கு. பத்தடி தள்ளிப் போவதானாலும் திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆர்விட் களத்துக்கு இடம் பார்த்தது மார்ச் மாதத்தில், இடுப்பளவு பனி கிடந்தபோது. பாதையோரம், சமதளம், மூன்று பக்கமும் லார்ச் மரங்கள். எவன் பார்த்தாலும் அங்கேதான் குறி போடுவான். அந்தப் பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் மலையில் ஹக்கிள்பெர்ரிப் பழச்செடியைத் தோட்டத்தில் வளர்க்க முடியாது. எத்தனையோ பேர் முயன்று தோற்றுவிட்டார்கள். அது தானாக எங்கே முளைக்கிறதோ அங்கேதான். அப்படி ஒரு நல்ல புதரைக் கண்டுபிடித்தவர் அதை யாரிடமும் சொல்வதில்லை. கட்டியவனிடமும் சொல்வதில்லை, பெற்ற பிள்ளையிடமும் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. ஒருவரிடம் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாலும் கேட்கலாம், பழம் எங்கே பறித்தாய் என்று கேட்பது அநாகரிகம். எங்கள் தபால்காரர் ஸ்டாங்கா சொல்லாமலே செத்துப்போனார். அவருடைய இரண்டு மகன்களும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மலை மலையாக இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஊரே சிரிக்கிறது, ஆனால் ஸ்டாங்காவை யாரும் குறை சொல்வதில்லை.

என்னுடையதை நான் கண்டுபிடித்துப் பத்தொன்பது வருடமாகிறது. அப்போது இரட்டைப் பெண்களுக்கு நான்கு வயது. காலையிலிருந்து இரவு வரை அம்மா, அம்மா என்று இரண்டு தொண்டைகள். ஒருநாள் மாமியார் வந்து பார்த்துக்கொண்ட ஒரு மணி நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போனால் போதும் என்று மலையேறினேன். வண்டியை நிறுத்திவிட்டு நடந்தபோது அந்த இடம் வந்தது. முழங்கால் உயரத்துக்குச் செடிகள், கருநீலமாகப் பழம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பழம் பறித்தேனா, அழுதேனா என்று இப்போது சரியாக நினைவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பெண்கள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். நான் மட்டும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் போய்க்கொண்டிருக்கிறேன்.

மரம் வெட்டினால் செடிக்கு ஒன்றும் ஆகாது. வெயில் பட்டு இரண்டு மூன்று வருடத்தில் இன்னும் நன்றாகக் காய்க்கும். களம் அப்படியில்லை. புல்டோசர் அரை ஏக்கரையும் வேரோடு சுரண்டி மொட்டையடித்துவிடும். அதற்கப்புறம் என் ஆயுளில் அங்கே ஒரு பழம் பார்க்க முடியாது. அதனால்தான் அழித்தேன். ஆர்விட்டிடம் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்றால், கேட்டிருக்கலாம்தான். சொன்னால் அது அப்புறம் என் இடமாக இருக்காது. திங்கட்கிழமை காலையில் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், எப்போதும் போல் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். மே மாதக் கடைசியில் வனத்துறை முத்திரையோடு திட்டம் திரும்பி வந்தது.

ஜூன் ஒன்பதாம் தேதி வேலை தொடக்கம். காலை எட்டரைக்குச் சமையலறை வயர்லெஸ் கரகரத்தது.

"லோயிஸ், திட்டக் கோப்பை எடு. மூணாவது கூப்பு. களம் எங்க இருக்குன்னு பாரு."

எடுக்காமலே தெரியும். ஆனாலும் எடுத்தேன்.

"கிழக்கால இருக்கு. பாறைப் பக்கம்."

அவனுக்குப் பின்னாலிருந்து கார்சனின் குரல் கேட்டது. கார்சன் பீலர் வனத்துறை மேற்பார்வையாளன். என் பெண்களோடு ஒரே பள்ளியில் படித்தவன்.

"நான்தான் சொன்னேனே ஆர்விட். புல்டோசர் பிளேடைக் கீழ இறக்காதீங்க. தாள்ல இங்க களமே இல்ல."

"தம்பி, கழுதைக்குக்கூடத் தெரியும் களம் எங்க போடணும்னு."

"கழுதை கையெழுத்துப் போடலியே. நீங்கதானே போட்டிருக்கீங்க."

"என் தப்பு, ஆர்விட்," என்றேன். "வரையறப்போ குறியை மாத்திப் போட்டுட்டேன்."

இருபத்திரண்டு வருட கௌரவத்தை இரண்டே வாக்கியங்களில் தூக்கிப் போட்டேன். வயர்லெஸ்ஸை அந்தப் பக்கம் இயந்திரக்காரனும் லாரிக்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முகம் எரிந்தது. கவனமில்லாதவள் என்று ஊர் பேசட்டும், பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நீயா?" என்றான் ஆர்விட். அவ்வளவுதான். வயர்லெஸ் அணைந்தது.

அன்று பகல் முழுவதும் நான் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. அவன் திருத்தம் எழுதச் சொல்வான். எழுதிக் கொடுத்தால் பத்து நாளில் கையெழுத்தாகி வரும். பதினோராம் நாள் புல்டோசர் இறங்கும். நானே தட்டச்சு செய்து, நானே உறையில் போட்டு, நானே தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். சொல்லிவிடலாமா என்று பத்துத் தடவை யோசித்தேன். இறைச்சியை அடுப்பில் மறந்து கருக்கவும் செய்தேன்.

ஆர்விட் ஆறு மணிக்கு வந்தான். வலது முழங்கால் வீங்கியிருந்தது, நொண்டினான். பழைய அடிபட்ட அந்த முழங்காலோடு அவன் வேலையில் தேவையில்லாமல் நாலடி நடக்க மாட்டான்; எல்லாம் வண்டியிலேதான். கருகிய இறைச்சியை முழுதும் தின்றான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வரைபடத்தைக் கொண்டா. திருத்தம் எழுதணும்," என்றான்.

கொண்டுவந்தேன். தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினேன். எங்களுக்குக் கணினி இருக்கிறது, ஆனால் அந்தப் படிவத்தின் கட்டங்களில் எழுத்து ஒழுங்காக உட்காருவது இதில்தான்.

"பழைய இடத்துக்கே களத்தை மாத்தணுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"களம் தாள்ல இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். பாறையை ரெண்டு நாள் ஒடச்சா சரியாப் போயிடும்."

"அப்புறம் எதுக்குத் திருத்தம்?"

அவன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தான். பாதையோரச் சமதளத்தைச் சுற்றி ஒரு கோடு இழுக்க ஆரம்பித்தான். வட்டமில்லை. அவரைக்காய் மாதிரி வளைந்து போனது. வடக்கே விழுந்து கிடக்கும் பழைய லார்ச் மரத்தைச் சுற்றிக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் சின்ன நாக்கு போன்ற பகுதியையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. அந்த நாக்குப் பகுதியில்தான் பழம் கட்டை விரல் நகம் அளவு இருக்கும். மரத்தின் மேல் ஏறி இறங்கிப் பார்த்தால் ஒழிய அது இருப்பதே தெரியாது. அவனுடைய முழங்கால் எப்படி வீங்கியது என்று எனக்கு அப்போது புரிந்தது.

"இதுக்குள்ள எந்த வண்டியும் எறங்கக் கூடாது. எழுது."

"இழுத்துட்டு வர்றவங்க சுத்திக்கிட்டு வரணுமே. தெனம் ஒரு மணி நேரம் கூட ஆகும்."

"ஆகட்டும்."

எழுதினேன். சாவிகள் இரண்டு முறை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. அவன் நாற்காலியில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"கார்சன் அங்க ஒரு வாளியைப் பாத்துட்டான்," என்றான் சாவகாசமாக. "மஞ்ச எண்ணெ வாளி. நம்ம பட்டறைப் பேர் போட்டது. கவுத்து வெச்சிருந்துது. ஒப்பந்தப்படி காட்டுல எண்ணெ வாளி போட்டு வைக்கக் கூடாதாம்."

என் விரல்கள் சாவிகளின் மேலேயே நின்றன. அந்த வாளி ஆறு வருடமாக அங்கே இருக்கிறது. இடுப்பு வலிக்கத் தொடங்கிய வருடம் கொண்டுபோய் வைத்தேன்.

"நீ என்ன சொன்னே?"

"அது எண்ணெய்க்கு இல்லப்பா, உக்கார்றதுக்குன்னு சொன்னேன்."

"யார் உக்கார்றதுக்குன்னு கேட்டானா?"

"எப்படிக் கேப்பான்? அவனும் இந்த ஊர்லதானே பொறந்தான்."

அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுந்து போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அப்படிச் செய்தால் ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். ஒப்புக்கொண்டால் அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்ததாகிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே தாளை ஒரு வரி கீழே நகர்த்தினேன்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு," என்றேன். "என்ன போட?"

ஆர்விட் ஜன்னலைப் பார்த்தான். மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. அவன் வண்டி முற்றத்தில் கிளப்பிய புழுதி கண்ணாடியில் படிந்திருந்தது.

"ஈர நிலம்னு போடு."

"கார்சன் நேர்ல வந்து பாப்பானே."

"பாக்கட்டும். அவன் வேலை அது."

ஈர நிலம் என்று தட்டினேன். விரல் வைத்துக் காட்டினேன். அன்று மட்டும் அவன் தாளைக் கையில் எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உதடு அசையப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

பத்து நாள் கழித்துத் திருத்தம் திரும்பி வந்தது. உறையைப் பிரித்தபோது தாளின் மடிப்பிலிருந்து மேசை மேல் கொஞ்சம் செம்மண் தூள் கொட்டியது. வரைபடத்தில் அவரைக்காய்க் கோட்டின் மேல் முத்திரை. காரணக் கட்டத்துக்குப் பக்கத்தில் கார்சனின் கிறுக்கல் கையெழுத்து: "நேரில் நடந்து பார்த்தேன். நல்ல ஈரம். வாளியை எடுக்கத் தேவையில்லை."