பாலகுமாரின் தனிப் பக்கம்

காயத்ரிக்கு முதல் வலிப்பு வந்தபோது ஏழு வயது. இப்போது ஒன்பது. இந்த இரண்டு வருஷத்தில் வந்த வலிப்புகள், மாற்றிய மாத்திரைகள், தூங்கிய நேரம், காய்ச்சல் அடித்த நாள் எல்லாம் கடலூரில் அவர்கள் வீட்டுப் பீரோவுக்கு மேலே இருந்த பழைய கம்ப்யூட்டரில் இருந்தன.

முதலில் அவள் அம்மா அமராவதி நோட்டில்தான் எழுதினாள். டாக்டர் ஒன்று கேட்டால் பக்கம் புரட்டியே நேரம் போய்விடும். மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த அவள் அப்பா பாலகுமார், குறிப்பெழுதும் சாஃப்ட்வேர் ஒன்றை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு, இருவர் போனிலிருந்தும் எழுதும்படி செய்து கொடுத்தான். ஒரு வார்த்தையை அடித்தால் அது வரும் குறிப்புகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

"எந்தக் கம்பெனிகிட்டயும் போகாது அமரா. நம்ம பொண்ணு சமாச்சாரம் நம்ம வூட்டோட இருக்கும்" என்றான்.

பிப்ரவரியில் அமராவதி மறுபடி ஸ்கூல் வேலைக்குப் போனாள். மதியம் காயத்ரியைக் கூட்டி வந்து பார்த்துக்கொள்வது பாலகுமாரின் பொறுப்பானது. தினமும் சாயங்காலம் வந்ததும் அமராவதி, "நல்லா இருந்தாளா?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்ல, நல்லா இருந்தா" என்பான். மூன்று மாதம் அப்படியே ஓடியது.

மே மாதம் சிதம்பரத்துக்கு டாக்டரிடம் போகும் நாளில் அமராவதியின் போன் ரிப்பேரில் கிடந்தது. பாலகுமார் தன்னுடையதைக் கொடுத்தான். "நோட்ஸ் ஆப்பத் தொட்டா என் பேர்ல நேரா திறக்கும். ஏதாவதுன்னா கடை நம்பருக்கு அடி."

காலை ஆறரை பஸ்ஸில் ஏறியும் டாக்டர் வித்யாவைப் பார்க்கும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. காயத்ரி அம்மாவின் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். அமராவதிக்குக் கை மரத்துப் போயிருந்தது. நகர்த்தவும் தெம்பில்லை.

"மூணு மாசமா ஒண்ணும் வரலையே, நல்லது" என்றார் டாக்டர். "ஒரு மாத்திரையக் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாம். போன தடவை குறைச்சப்ப என்ன ஆச்சு, தேதி இருக்கா?"

ஆப் திறக்கவில்லை. கடைக்குப் போன் செய்தாள். "கரண்ட் போயி வந்துச்சு, கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிருக்கும். இரு, வூட்டுக்குப் போயி போட்டுவிடறேன்" என்றான். அவர்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். இருபது நிமிஷம் கழித்துத் திறந்தது. அமராவதி "குறைச்ச" என்று அடித்தாள்.

ஆறு குறிப்புகள் வந்தன. ஐந்து அவள் எழுதியவை. ஆறாவதற்கு வெறும் 'தனி' என்று பெயர். அவள் அதைப் பார்த்ததே இல்லை.

'மார்ச் 3. மதியம் 2.40. கண்ணு மேல போயிடுச்சு. 50 செகண்ட். முழிச்சதும் அவளுக்கு ஞாபகம் இல்ல. அமராகிட்ட சொல்லல.'

'மார்ச் 19. 40 செகண்ட். சொல்லல.'

'ஏப்ரல் 8. ஒரு நிமிஷம். பயந்துட்டேன். மாத்திரையக் குறைச்சா என்ன ஆகும்னு தெரியல. அமரா இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருக்கா.'

ஏப்ரல் 22 என்றும் ஒன்று இருந்தது.

அவளுக்கு உடனே கோபம் வரவில்லை. தேதிகளை மறுபடி ஒரு தடவை படித்தாள். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய், போனை டாக்டர் மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், வந்திருக்கு. நாலு தடவை. எனக்கு இப்பதான் தெரியும்."

டாக்டர் இரண்டு முறை படித்தார். "குறைக்க வேணாம்" என்றார். "நல்லவேளை எழுதி வச்சிருக்காரு." மருந்துச்சீட்டில் அதே மாத்திரையை ராத்திரிக்குக் கொஞ்சம் கூட்டி எழுதினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் காயத்ரி முறுக்கு தின்றுகொண்டு வந்தாள்.

வீட்டில் பாலகுமார் சோறு வடித்து வைத்திருந்தான். போனைக் கையில் வாங்கியதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. திறந்திருந்த பக்கத்தை அவள் மூடவில்லை.

"இதுலதான் இருக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"தெரியல" என்றான். "ரெண்டு வருஷமா நீ தூங்கல அமரா. மொத தடவ வந்த அன்னிக்கு, நல்லா இருந்தாளான்னு கேட்ட. முகத்தப் பார்த்தேன், சொல்ல வாய் வரல. அப்புறம் ரெண்டாவதச் சொன்னா மொதல்ல வந்ததையும் சொல்லணுமே."

"நான் தூங்குறதுக்காக அவ மாத்திரையக் குறைச்சிருப்பாங்க இன்னிக்கு."

அவன் நின்றபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டான். திட்டவேண்டும் என்றுதான் அவள் வழியெல்லாம் நினைத்து வந்தாள். ஆனால் இந்த மூன்று மாதமும் அவன் ஒருவனே ஒவ்வொரு மதியமும் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவனும் தூங்கியிருக்கமாட்டான்.

"வேலைய விட்டுடட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

"அப்ப சொல்லணும். அன்னன்னிக்கே. நான் கிளாஸ்ல இருந்தாலும்."

"சரி."

அவன் அந்த நாலு குறிப்புகளையும் இருவரும் பார்க்கும் நோட்டுக்கு மாற்றினான். 'சொல்லல' என்ற வார்த்தையை அழிக்கப் போனவனிடம், "இருக்கட்டும், வுடுங்க" என்றாள். பிறகு மூவரும் சாப்பிட்டார்கள்.

லீவு முடிந்து ஸ்கூல் திறந்த இரண்டாம் வாரம், மதியம் மூன்று மணிக்கு ஸ்டாஃப் ரூமில் அவள் போன் அடித்தது.

"வந்துச்சு அமரா. முப்பது செகண்ட். இப்ப மடியில படுத்திருக்கா. எழுதிட்டேன்."

"மாத்திரை?"

"காலைல குடுத்தாச்சு."

"சரிங்க" என்றாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். அப்புறம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனாள்.