வீட்டுக்காரர் பெயர்

கண்டியில் சொத்து வழக்கென்றால் சட்டத்தரணி யசோதாவிடம்தான் போக வேண்டும் என்று ஒரு பேச்சு. மரண சாசனம், வரிக் கோப்பு, புத்தி தடுமாறிய முதியவர்களின் காணி, எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, படித்து, முன்னுக்கு வந்தவள் என்று ஊரே மெச்சும். மெச்சட்டும். அவளிடம் மாட்டிக்கொண்ட பாலம்மாவின் கதையைக் கேட்டபிறகும் மெச்சுகிறவர்கள் மெச்சிக்கொள்ளட்டும்.

பாலம்மாவுக்கு அம்பிட்டியவில் ஒரு வீடு. புருஷன் இருளப்பன் டவுனில் மரக்கறிக் கடை போட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய காணி. சாகும்போது அவள் பெயருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். ஒரே மகன் இளங்கோவுக்கு அதை விற்க வேண்டும். ஹோட்டல் கட்டுகிற ஆள் ஒருவனைப் பிடித்து, பேச்சையும் முடித்துவிட்டான். அம்மாவிடம் கேட்டானா என்றால் இல்லை. கேட்டால் மாட்டேன் என்பாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வராதவன், நேரே யசோதாவின் அலுவலகப் படியேறினான்.

யசோதா வழி சொன்னாள். அம்மாவுக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிபதி ஒப்புக்கொண்டால் மகன்தான் சொத்துக்கு நிர்வாகி. நீதிமன்ற அனுமதியோடு வீட்டை விற்கலாம், அம்மாவைக் குண்டசாலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாம். ஒரே சங்கடம், கிழவி தெளிவாக இருந்தாள். அவளைப் பார்த்த டாக்டரும் வயதுக்கேற்ற மறதி என்று வழவழா கொழகொழாவாக எழுதிக் கொடுத்திருந்தார்.

யசோதா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, அம்மா அப்பாவின் பெயரைச் சொல்வாரா என்று கேட்டாள். இளங்கோ சிரித்துவிட்டான். தாலி கட்டிய நாளிலிருந்து சொன்னதே இல்லையாம். கோயில் அர்ச்சனையானாலும் ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுவதானாலும் அம்மா தன்னை முழங்கையால் இடித்து நீ சொல்லு என்பாள், தான்தான் சொல்வது வழக்கம் என்றான்.

"விசாரணை அன்னைக்கும் அம்மா உங்களத்தான் பாப்பாங்க," என்றாள் யசோதா. "நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு தலையை ஆட்டினான். ஆட்டினானே, பாவி.

விசாரணை நாளன்று பாலம்மா வொயில் சேலை கட்டி, எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரி வந்திருந்தாள். அவளுக்காக வந்தவன் ருஷ்தி. கலகெதரப் பக்கத்து முஸ்லிம் பையன், சட்டத்தரணியாகி அதிக நாளாகவில்லை. நீதிபதி சிங்களவர். எல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போய் வந்தது. என்ன கிழமை, எந்த மாதம், ஜனாதிபதி யார், காணியின் எல்லை எது என்று கேட்கக் கேட்க, கிழவி பட்பட்டென்று சொன்னாள். மேற்கு எல்லையில் நிற்கும் பலா மரம் யாருடையது, அதன் கிளை யார் கூரையில் விழுந்தது, அதற்கு யார் யாரை என்ன திட்டினார்கள் என்பது வரை சொன்னாள். நீதிபதியே லேசாகச் சிரித்தார். ருஷ்திக்கு உயிர் வந்தது.

யசோதா எழுந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

பாலம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெட்கமாகச் சிரித்தாள். பெரிய மனிதர்கள் நடுவில் இதைப் போய்க் கேட்கிறாளே என்று நினைத்தாளோ என்னவோ. மகன் பக்கம் திரும்பி, "நீ சொல்லுய்யா," என்றாள்.

இளங்கோ தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா பேரக் கேக்குறாங்கய்யா. சொல்லு."

அவன் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். பெயரைச் சொல்லும்படி மகனிடம் கேட்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். நீதிபதியின் சிரிப்பு போய்விட்டது.

ருஷ்தி துள்ளி எழுந்தான். இது மறதியல்ல, புருஷன் பெயரை வாயால் சொல்லாதது இவர்கள் வழக்கம் என்று விளக்கினான். நீதிபதி யசோதாவைப் பார்த்தார். யசோதாவின் தாய் ஹட்டனில் இன்றைக்கும் புருஷனை 'யசோதா அப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த வயிற்றில் பிறந்தவள், தானும் மலையகத்துப் பெண்தான், அப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்று நாக்கூசாமல் சொன்னாள். அதே சனத்தில் பிறந்தவள் சொன்ன பிறகு ருஷ்தியின் பேச்சு எங்கே எடுபடும்?

நீதிபதி கெட்டவரில்லை. ஒரே ஒரு தடவை பெயரைச் சொல்லுங்கள், போதும் என்று தாமே கேட்டார். சொல்லாவிட்டால் வீடு போய்விடும் என்று ருஷ்தி கிழவியிடம் கெஞ்சினான். அவள் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெட்கம் போய்ப் பயம் வந்திருந்தது. அந்தப் பயத்தையும் தடுமாற்றம் என்று நீதிபதிக்குச் சுட்டிக் காட்டினாள் யசோதா. இவளுக்கெல்லாம் நல்ல சாவு வருமா?

மத்தியானத்துக்குள் கட்டளை வந்துவிட்டது. பாலம்மா தன் காரியங்களைத் தானே பார்க்கும் நிலையில் இல்லை. இளங்கோ நிர்வாகி.

கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு யசோதா வெளியே வந்தபோது, பாலம்மா வழியில் நின்றாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று யசோதா மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். இதற்கு முன் தூற்றாதவர்களா? கிழவி அவள் கையைப் பிடித்தாள்.

"தாயி, நீங்க நம்ம சனம்னு சொன்னாங்க, அதான் வந்தேன். எம் மவனுக்கு என்னமோ ஆயிருச்சு. பெத்த அப்பன் பேரு வாயில வரல, பாத்தீங்கல்ல? கேக்கக் கேக்க முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தான். நல்ல டாக்டரா பாத்துக் காட்டச் சொல்லுங்க. அந்த வீட்ட வித்தாவது அவனப் பாக்கணும். அவனுக்குன்னுதான வச்சிருக்கேன்."

யசோதா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கிழவி விடவில்லை.

படிக்கட்டுப் பக்கம் இளங்கோ போனில் நின்றான். வீடு வாங்குகிறவனுக்கு, விற்பனை உறுதிப் பத்திரத்தில் எழுதுவதற்குத் தன் முழுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலும். உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"இருளப்பன் இளங்கோ. ஆமா, இருளப்பன். அது அப்பா பேரு."

பாலம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"கேட்டீங்களா தாயி," என்றாள். "வந்துருச்சு. எம் புள்ளைக்கு ஞாபகம் வந்துருச்சு."